இரவில் டயபர் மாற்றினால் பாப்பா விழித்துக்கொள்கிறாள்

யாங்கோன் அக்காமார்களே, ஒரு யோசனை சொல்லுங்கள். பாப்பாவுக்கு 3 மாதம். இரவில் டயபர் மாற்றினால் முழுசாக விழித்துக்கொள்கிறாள், அப்புறம் தூங்கவைப்பதற்குள் விடிந்துவிடுகிறது. மலம் போனால் உடனே மாற்றியாக வேண்டும், சரி. சிறுநீர் மட்டும் என்றால் அடுத்த பால் நேரம் வரை விடலாமா? பால் கொடுக்கும் முன்பே மாற்றுவது நல்லதா, ஒரு பக்கம் குடித்த பிறகா?

அத்தை துணிதான் நல்லது என்கிறார். எனக்கும் துணிதான் பிடிக்கும், ஆனால் மே முதல் அக்டோபர் வரை இந்த மழையில் எதுவும் காய்வதில்லை. கரண்ட் போனால் டார்ச் வெளிச்சம். அது கண்ணில் பட்டதுமே அழுகிறாள், பாவம். தொடை இடுக்கு லேசாகச் சிவந்திருப்பதால் ஜிங்க் ஆக்சைடு க்ரீம் தடவுகிறேன். இரவு முழுக்கத் தாங்கும் டயபர் தெயின்ஜி மார்க்கெட் பக்கம் கிடைக்குமா?