அம்பாசடர் மார்க் 4: எஞ்சின் கியர் பாக்ஸிலிருந்து பிரிய மறுக்கிறது

பழையவண்டி:
வணக்கம். எங்கள் வீட்டு 1984ஆம் ஆண்டு அம்பாசடரின் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினைச் சீரமைப்பதற்காக வெளியே எடுத்துக்கொண்டிருக்கிறோம். வண்டி பல மழைக்காலங்கள் ஓடாமல் கொட்டகையில் நின்றது. கியர் பாக்ஸை வண்டியிலேயே விட்டுவிட்டு, எஞ்சினை மட்டும் முன்பக்கமாக இழுத்து எடுப்பது எங்கள் எண்ணம். ரேடியேட்டரையும் செல்ஃப் மோட்டாரையும் கழற்றியாகிவிட்டது. எஞ்சின் செயின் பிளாக்கில் (எடை தூக்கும் சங்கிலிக் கருவி) தொங்குகிறது. ஆனால் எஞ்சினின் பின்தகட்டுக்கும் பெல் ஹவுசிங்குக்கும் (கிளட்ச்சை மூடியிருக்கும், கியர் பாக்ஸின் முன்கூடு) இடையே ஏறத்தாழ 1 செ.மீ. விரிந்ததும் அசைவு நின்றுவிட்டது. உதவிக்கு வந்திருக்கும் மெக்கானிக் கடப்பாரையை நடுவில் கொடுத்து நெம்பலாம் என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. எங்கே பிடித்திருக்கிறது என்பதை எப்படிக் கண்டறிவது?

பட்டறைக்காரர்:
கடப்பாரை வேண்டவே வேண்டாம். பின்தகடு வளைந்தாலோ, பெல் ஹவுசிங்கின் விளிம்பில் பள்ளம் விழுந்தாலோ, திரும்பப் பூட்டும்போது இரண்டும் நேர்கோட்டில் உட்காராது. அதன் விளைவைக் கிளட்ச்சும் கியர் பாக்ஸின் முன் பேரிங்கும் நெடுநாள் அனுபவிக்கும்.

போல்ட் ஒன்று விட்டுப்போயிருந்தால் 1 செ.மீ. கூட விரிந்திருக்காது. ஆகவே மீதமிருப்பவை இரண்டு காரணங்களே: ஒன்று, எஞ்சினும் கியர் பாக்ஸும் கோணலாக நிற்பது, மற்றொன்று, கியர் பாக்ஸிலிருந்து நீண்டு கிளட்ச் பிளேட்டின் துளைக்குள் நுழையும் கிளட்ச் ஷாஃப்ட் துருவில் பிடித்திருப்பது. இடைவெளியை மேல், கீழ், இடம், வலம் என நான்கு இடங்களிலும் அளந்து எழுதுங்கள். கீழே அகலமாகவும் மேலே குறுகலாகவும் இருந்தால், எஞ்சினின் முன்முனை தூக்கிக்கொண்டிருக்கிறது அல்லது கியர் பாக்ஸின் முன்பகுதி தாழ்ந்திருக்கிறது என்று பொருள். கியர் பாக்ஸுக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கி கொடுத்திருக்கிறீர்களா? இல்லையென்றால் அதன் எடை முழுவதும் அந்த மெல்லிய ஷாஃப்டின் மேலும், அதன் வழியே கிளட்ச் பிளேட்டின் நடுப்பகுதி மேலும் இறங்கிக்கொண்டிருக்கும். இழுப்பதை நிறுத்திவிட்டு முதலில் அதைத் தாங்குங்கள்.

பழையவண்டி:
நன்றி ஐயா. ஜாக்கி கொடுக்கப்படவில்லை, நீங்கள் சொன்னபடியே கீழ்ப்பக்கம்தான் அகலமாக இருந்தது. கட்டை வைத்துத் தாங்கி, செயினையும் சற்றே இறக்கி நான்கு பக்கமும் சமமாக்கியவுடன் எஞ்சின் தானாகவே நகர்ந்து ஏறத்தாழ 3 செ.மீ. வரை வந்தது. அங்கே மறுபடியும் நின்றுவிட்டது. கிளட்ச் பிளேட் பிளைவீலோடு (எஞ்சினின் பின்முனையில் சுழலும் கனமான சக்கரம்) துருவில் ஒட்டிக்கொண்டதுதான் காரணம் என்கிறார் மெக்கானிக்.

பட்டறைக்காரர்:
பிளேட் பிளைவீலோடு ஒட்டியிருந்தால் கிளட்ச் விடுபடாதே தவிர, எஞ்சினைப் பிரிப்பதை அது தடுக்காது. பிளேட் எஞ்சினோடு வந்துவிடும், ஷாஃப்ட் மட்டும் உருவிக்கொள்ளும். எஞ்சினின் முதன்மைச் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்டின் பின்முனையில் உள்ள பைலட் புஷ்ஷிலிருந்து (கிளட்ச் ஷாஃப்டின் நுனியைத் தாங்கும் சிறு உலோக வளையம்) கிளட்ச் ஷாஃப்டின் முனை இதற்குள் பெரும்பாலும் வெளியேறியிருக்கும். எனவே துரு படிந்த ஸ்பிளைன்களே (ஷாஃப்டின் மேல் நீளவாக்கில் உள்ள பற்கள்) பிளேட்டின் துளையில் சிக்கியிருக்கின்றன என்று கருதுகிறேன். ரிலீஸ் ஃபோர்க் (கிளட்ச்சை விடுவிக்கும் நெம்புகோல்) நுழையும் துவாரத்தின் வழியே துரு இளக்கும் எண்ணெயை ஷாஃப்டின் மேல் அடித்து ஓர் இரவு ஊற விடுங்கள். பிளேட்டின் லைனிங்கில் (உராயும் மேற்பரப்பு) எண்ணெய் பட்டால் அது பயன்படாது. ஆனால் இத்தனை காலம் நின்ற வண்டிக்கு எப்படியும் புதிய பிளேட்தான் போட வேண்டும்.

மறுநாள் வண்டியை டாப் கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைத்துவிட்டு, முன்புறப் புல்லியை ஸ்பானரால் முன்னும் பின்னும் மிகச் சிறிதளவு அசையுங்கள். ஸ்பிளைன்களுக்கு இடையே இருக்கும் தளர்ச்சிக்குள் நிகழும் அந்த அசைவே துருவை உடைக்கும். அதே வேளையில் எஞ்சினை வெளியே மட்டும் இழுக்காமல், சற்று உள்ளே தள்ளிப் பிறகு இழுத்துப் பாருங்கள். உள்ளே செல்லும்போது எண்ணெயும் துளைக்குள் போகும்.

நாலுசக்கரம்:
மேலே சொன்னதனைத்தும் சரி. ஒன்றை மட்டும் வலியுறுத்த விரும்புகிறேன்: இடைவெளி அகன்றுவிட்டது என்று அவசரப்பட்டுச் செயினைத் தூக்கிவிடாதீர்கள். ஷாஃப்ட் பிரஷர் பிளேட்டை (கிளட்ச் பிளேட்டைப் பிளைவீலோடு அழுத்தும் தட்டு) முழுவதும் தாண்டியதைக் கண்ணால் பார்த்த பிறகே எஞ்சினை உயர்த்த வேண்டும். செயினில் தொங்கும் எஞ்சினுக்கு அடியில் யாரும் கையோ தலையோ நீட்டக் கூடாது.

எஞ்சின் வெளியே வந்தபின் பைலட் புஷ்ஷைக் கட்டாயம் மாற்றுங்கள். அதை எடுக்க உளி தேவையில்லை. துளை நிறையக் கிரீஸை அடைத்து, துளைக்குச் சரியாகப் பொருந்தும் கம்பியை உள்ளே வைத்துச் சுத்தியலால் தட்டினால், கிரீஸின் அழுத்தமே புஷ்ஷைப் பின்னாலிருந்து வெளியே தள்ளிவிடும். புதிய வெண்கலப் புஷ்ஷை எஞ்சின் ஆயிலில் ஊறவைத்துப் பொருத்துங்கள். திரும்பச் சேர்க்கும்போது பெல் ஹவுசிங் கைவிசையிலேயே பின்தகட்டோடு முழுவதும் ஒட்ட வேண்டும். ஒட்டாத இடைவெளியைப் போல்ட்டை முறுக்கி மூட முயன்றால் புதிய பிளேட் அங்கேயே வளைந்துவிடும்.