கேட்டரிங் பண்ணுபவர்கள் கொஞ்சம் உதவுங்கள்

வணக்கம் எல்லோருக்கும். மொரீஷியஸில் ரோஸ் ஹில்லில் சின்ன கேட்டரிங், நானும் தங்கையும். 2021 ஜனவரி 15இல் இங்கே ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்ததும் பார்சலை அட்டைப் பெட்டிக்கு மாற்றினோம். காவடிக்கு ஏழு கறி பார்சல் கட்டினால் ரசம் பத்தே நிமிடத்தில் அடியில் ஊறி, தூக்கும்போது பெட்டி வாயைப் பிளக்கிறது. வாழை இலையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை!

கரும்புச் சக்கைத் தட்டு நன்றாக இருக்கிறது, ஆனால் கப்பலில் வருகிறது, விலையும் அதிகம். சுற்றிலும் கரும்புக்காடு, சக்கையோ ஆலையில் எரிந்து மின்சாரமாகப் போகிறது. அதைக் குறை சொல்லவில்லை, அந்த மின்சாரத்தை வாங்க ஆள் இருக்கிறது, எங்களுக்குக் கைகொடுக்க யார்?

தடை வந்திராவிட்டால் நான் மாறியே இருக்க மாட்டேன், உண்மை. ஆனால் சட்டம் தள்ளிவிட்டதோடு சரி. சாப்பாட்டை ஸ்டீல் கேரியரில் முன்பணம் வாங்கிக் கொடுத்து, காலி கேரியரைத் திரும்ப வாங்கும் திட்டத்துக்குக் கடன் கேட்டால் வங்கியில் அடமானம் என்ன என்கிறார்கள், வாடிக்கையாளர்கள் முன்பணம் கொடுக்க யோசிக்கிறார்கள்.

கேரியர் முறையை யாராவது நடத்துகிறீர்களா? முன்பணம் எவ்வளவு, எத்தனை திரும்பி வருகிறது? அப்புறம், சிறுதொழிலுக்கான மானியம் வாங்கியவர்கள் என்னென்ன காகிதம் கேட்டார்கள் என்று சொல்லுங்கள்.