ஐம்பது லாரி தாண்டினால் திரை கறுக்கிறது: த்ரெட்டில் கோளாறா?

அம்பைக்காரன்:
அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு எடைமேடைக்கு நான் எழுதிக் கொடுத்த ப்ரோகிராம். சி ஷார்ப், வின்ஃபார்ம்ஸ். சீரியல் போர்ட்டில் வரும் எடையை ஒரு தனி த்ரெட் (ப்ரோகிராமுக்குள் இணையாக ஓடும் வேலைச் சரடு) படிக்கும். பிகின்இன்வோக் (திரையைக் கவனிக்கும் த்ரெட்டிடம் வேலையைக் கொடுக்கும் கட்டளை) போட்டுத் திரைக்கு அனுப்புகிறேன். கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன ஐகானிலும் எடையை வரைகிறேன், மேடைப் பையன் வேறு ஜன்னலைத் திறந்து வைத்திருந்தாலும் கண்ணில் படட்டும் என்று.

கார் நெல் பருவம் முழுக்க ஒரு குறையும் இல்லை. இப்போது பிசான அறுவடை, நெல் லாரிகள் வரிசையில் நிற்கின்றன. மதியத்துக்குள் பட்டன்கள் வெளுத்து, மெனு கறுத்து, ரசீது வராமல் நின்றுவிடுகிறது. மூடித் திறந்தால் சரி. நினைவகம் 90 எம்பியைத் தாண்டவே இல்லை. எங்கே பார்ப்பது?

பாளையூர்:
நினைவகத்தைப் பார்த்துப் பயனில்லை அண்ணாச்சி. டாஸ்க் மேனேஜரின் டீடெய்ல்ஸ் பக்கத்தில் ‘ஜிடிஐ ஆப்ஜெக்ட்ஸ்’, ‘யூசர் ஆப்ஜெக்ட்ஸ்’ என்ற இரண்டு பத்திகளையும் சேருங்கள். திரையில் வரையவும் ஜன்னல், மெனு, ஐகான் வைக்கவும் விண்டோஸ் தரும் பொருள்களின் எண்ணிக்கை அவை. ஒரு ப்ரோகிராமுக்கு விண்டோஸ் இயல்பாகத் தருவது ஒவ்வொன்றிலும் 10,000 தான். தீர்ந்துபோனால் ராம் எவ்வளவு இருந்தாலும் வரைய முடியாது. ஒரு லாரிக்கு எவ்வளவு கூடுகிறது என்று பாருங்கள்.

அம்பைக்காரன்:
பார்த்தேன். மேடை காலியாக இருந்தால் எண் அசையவில்லை. முன்சக்கரம் ஏறியதும் ஜிடிஐ ஓட ஆரம்பிக்கிறது, எடை நின்றதும் நிற்கிறது. ஏறி இறங்க, லாரிக்கு ஏறத்தாழ 180. அப்படியானால் 55 லாரியில் 10,000! கார் பருவத்தில் நாளைக்கு 30 லாரி வந்தாலே அதிகம், ராத்திரி கம்ப்யூட்டரை அணைத்துவிடுவார்கள். ஆனால் பழைய ஐகானை டிஸ்போஸ் செய்து விடுவித்துக்கொண்டுதானே இருக்கிறேன்?

பாளையூர்:
அங்கேதான் மாட்டுகிறது. வரைந்த படத்தை ஐகானாக்கும் கெட்ஹெச்ஐகான் தரும் ஹேண்டில் (விண்டோஸிடம் உள்ள ஐகானைக் குறிக்கும் எண்) அதைக் கூப்பிட்டவர் பொறுப்பு. ஐகான்.ஃப்ரம்ஹேண்டில் அதன்மேல் ஓர் உறை போடுகிறது, அவ்வளவுதான். உறையை டிஸ்போஸ் செய்தாலும் ஹேண்டில் அப்படியே கிடக்கும். பயன்படாத நினைவகத்தைத் தானே துடைக்கும் கார்பேஜ் கலெக்டரும் அதைத் தொடாது. விண்டோஸின் யூசர்32 நூலகத்தில் உள்ள டெஸ்ட்ராய்ஐகானை நீங்களே கூப்பிட வேண்டும். புது ஐகானை மாட்டிவிட்டு, அப்புறம் பழையதை அழியுங்கள். இரண்டையும் திரை த்ரெட்டிலேயே செய்யுங்கள். எடை படிக்கும் த்ரெட் மேல் தப்பில்லை.

கல்லிடை:
இன்னொன்று. எடை ஃபார்மை மூடும்போது த்ரெட்டின் ஈவென்ட்டிலிருந்து (புது எடை வந்ததைச் சொல்லும் அறிவிப்பு) -= போட்டுக் கழற்றுகிறீர்களா? இல்லையென்றால் அந்த த்ரெட் ஓடும்வரை மூடிய ஃபார்மும் நினைவகத்திலேயே இருக்கும். ஓடுகிற எடையை ஐகானில் வரைவதும் எதற்கு? நின்ற எடை போதாதா?

அம்பைக்காரன்:
டெஸ்ட்ராய்ஐகான் போட்டாச்சு. -= விட்டுப்போயிருந்தது, அதையும் சேர்த்தேன். நேற்று 71 லாரி. ஜிடிஐ காலையில் 130, சாயங்காலம் 134. இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. ஓடுகிற எடையை மட்டும் எடுக்கவில்லை. பின்சக்கரம் மேடைக்கு வந்துவிட்டதா என்று அந்தப் பையன் அதைப் பார்த்துத்தான் டிரைவருக்குக் கை காட்டுகிறான்.