புதுப்பிப்பு: நான்டக்கெட் கிறிஸ்துமஸ் உலாவுக்கு அம்மாவை அழைத்துப் போனேன்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து நான்டக்கெட் தீவில் டிசம்பர் தொடக்கத்தில் நடக்கும் தெருவிழாவான கிறிஸ்துமஸ் உலாவுக்கு, முழங்கால் வலியுள்ள அம்மாவை அழைத்துப் போகலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். போய் வந்துவிட்டோம். அம்மாவுக்கு அவ்வளவு மகிழ்ச்சி!

நீங்கள் எச்சரித்தது உண்மைதான். நகரின் முக்கியக் கடைத்தெருவான மெயின் ஸ்ட்ரீட்டின் உருளைக்கல் தளம் முழங்காலைப் பதம் பார்க்கும். ஓரத்துச் செங்கல் நடைபாதையிலேயே நடந்தோம்; அதுவும் சில இடங்களில் மேடும் பள்ளமும்தான். கைத்தடி கட்டாயம். டிசம்பர் தொடக்கத்தில் 4.30 மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது, கடற்காற்றோ எலும்பைத் துளைக்கிறது. படகுப் பயணத்துக்கும் கம்பளி வேண்டும்.

இருட்டிய பிறகுதான் தெருவுக்கே உயிர் வந்தது. இருபுறமும் விளக்குகள் மின்னும் சிறு கிறிஸ்துமஸ் மரங்கள். கடைகள் நிறைந்த பகுதியின் மேற்கு முனையில் 1818-இல் கட்டிய செங்கல் வங்கிக் கட்டடம். 1846-இல் திமிங்கில எண்ணெய்க் கிடங்குகளோடு நகரின் வணிகப் பகுதி எரிந்தபோதும் தப்பி நின்றது அது. இதைச் சொன்னதும் அம்மா அதன் சுவரைத் தொட்டுப் பார்த்து, கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். அந்த ஒரு காட்சிக்காகவே வந்திருக்கலாம்.

அடுத்த முறை தீவிலேயே ஓரிரவு தங்குவோம். கடைசிப் படகுக்காக ஓடியதில்தான் அம்மாவுக்கு வலி கூடியது.