புதுப்பிப்பு: திருவான்மியூர் வீட்டுக் கொல்லையில் மரமருந்து கலந்த மண்

ஆறு மாதம் முன்பு இங்கே கேட்டிருந்தேன்: மரம் மக்காமலிருக்கப் பச்சை நிறச் செம்பு-குரோமியம்-ஆர்சனிக் மருந்து ஏற்றிய பழைய பலகைகளை அடுக்கி வைத்திருந்த இடத்தில் கீரை போடலாமா என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலனளித்தது, "முதலில் ஆழவாரியாக மண்ணைச் சோதித்துப் பார், பிறகு தோண்டு" என்ற யோசனைதான். செம்பும் குரோமியமும் மேல் அரையடியிலேயே பெரும்பாலும் நின்றுவிட்டன. ஆனால் எங்கள் பக்கம் கடற்கரை மணல் ஆயிற்றே, ஆர்சனிக் இரண்டடி வரை இறங்கியிருந்தது, இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. அந்த ஆழம் வரை மண்ணை ஈரப்படுத்தித் தோண்டி, மூட்டை கட்டி, உரிமம் உள்ள வண்டியில் கும்மிடிப்பூண்டி அபாயக் கழிவு நிலையத்துக்கு அனுப்பினோம்.

சுண்ணாம்பு போடாதே என்று தடுத்தவருக்குத் தனி நன்றி. காரத்தன்மை கூடினால் ஆர்சனிக் இன்னும் எளிதாகக் கரைந்து ஓடும். பாஸ்பேட் உரமும் அதை மண்ணிலிருந்து பிரித்துவிடும்.

கிணற்று நீரையும் சோதித்தோம். ஆர்சனிக், குடிநீர் வரம்பான லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்குக் கீழேதான் இருந்தது, அப்போதுதான் மூச்சு வந்தது.

ஓரத்தில் மிச்சமிருந்த இடத்தில், ஆர்சனிக்கை இலையில் சேர்த்துக்கொள்ளும் டெரிஸ் விட்டேட்டா பெரணியை நட்டிருக்கிறேன். இது பல வருட வேலை. வெட்டிய இலைகளை உரக்குழியில் போடாதீர்கள், எரிக்கவும் கூடாது. அந்தப் பலகைகளுக்கும் இதே விதிதான், எரித்தால் ஆர்சனிக் சாம்பலில் தங்கும், புகையிலும் கலக்கும். கீரை இப்போது மாடியில், புது மண் தொட்டியில்.