சிபிஇசட் முன் டிஸ்க் பிரேக்: காலிப்பர் பிஸ்டன் வெளியே வரமாட்டேன் என்கிறது

அப்பாவின் 1999 மாடல் ஹீரோ ஹோண்டா சிபிஇசட் பைக். 2023 டிசம்பர் வெள்ளத்தில் திருநெல்வேலி சிந்துபூந்துறை வீட்டு வாசலில் முன்சக்கரம் முங்க நின்றது, அப்புறம் நானும் துடைத்து மூலையில் போட்டுவிட்டேன், அது என் தப்பு. போன மாதம் தள்ளினால் சக்கரம் அசையவில்லை. பிளீட் நிப்பிளை (பிரேக் ஆயிலை வெளியே விடும் சின்னத் திருகு) திறந்து அழுத்தத்தை விட்டும் பிடி விடவில்லை, அதனால் ஆயில் ஹோஸ், லிவர் பக்கத்து மாஸ்டர் சிலிண்டர் அடைப்பு இல்லை, டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பருக்குள் பேடைத் தள்ளும் பிஸ்டன்தான் துருவேறி இறுகியிருக்கிறது. உள்ளேயிருந்து வந்த பிரேக் ஆயில் கருப்பட்டிக் காப்பி நிறம்.

பேடை நெம்பி எடுத்துவிட்டு லிவரை அமுக்கி அமுக்கித் தள்ளினேன், நாலைந்து மில்லிமீட்டர் வந்து நின்றுவிட்டது. காலிப்பரைக் கழற்றி இரண்டு ராத்திரி துரு ஸ்ப்ரேயில் ஊறப்போட்டேன், வெந்நீரிலும் போட்டேன். பஞ்சர் கடையில் மரக்கட்டை முட்டுக் கொடுத்து ஏர் அடித்தும் அசையவில்லை. தெரிந்த அண்ணாச்சி ஒருவர் பைப் ரெஞ்ச் போட்டுத் திருகலாம் என்றார், பிஸ்டனில் கீறல் விழுந்தால் புது சீல் போட்டாலும் ஒழுகும் என்று நான்தான் விடவில்லை. சீல் கிட் வாங்கி வைத்திருக்கிறேன்.

காலிப்பரின் ஹோஸ் துளையில் கிரீஸ் கன் (கிரீஸை அழுத்தி ஏற்றும் கருவி) மாட்டி பிஸ்டனைத் தள்ளி எடுத்துத் தரும் பட்டறை ஜங்ஷன், வண்ணார்பேட்டை, பாளை பக்கம் எங்கே இருக்கிறது?