சென்னை – தரங்கம்பாடி கடற்கரைப் பயணம்: ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். பிப்ரவரியில் நானும் மனைவியும் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் சென்னையிலிருந்து தரங்கம்பாடிக்குக் காரில் செல்லவிருக்கிறோம். மாமல்லபுரத்தையும் புதுச்சேரியையும் பலமுறை பார்த்துவிட்டதால், இம்முறை நினைத்த இடத்தில் வண்டியை ஓரங்கட்டி, பிளாஸ்க்கில் கொண்டுபோகும் தேநீரைப் பகிர்ந்துகொண்டு, அவசரமில்லாமல் கடலைப் பார்த்திருப்பதே எங்கள் திட்டம். (அவருக்கு வறுத்த வேர்க்கடலையும் வேண்டும், அது தனிக் கதை.)

கடப்பாக்கத்தை ஒட்டிய ஆலம்பரைக் கோட்டையின் இடிந்த மதிலருகே மாலையில் சற்று நேரம் அமர முடியுமா, மரக்காணம் உப்பளங்களில் பாத்திகளிலிருந்து உப்பை வாரிக் குவிப்பதைக் காண எந்நேரம் செல்ல வேண்டும், அங்கு வண்டி நிறுத்த இடமுண்டா என்பதை அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன். 1620-இல் டேனியர்கள் கட்டிய தரங்கம்பாடிக் கோட்டைக்கு அருகில், அலையோசை கேட்கும் தூரத்தில், வாடகை அதிகமில்லாத தங்குமிடம் இருந்தால் அதையும் குறிப்பிடுங்கள்.